கல்லில் ஒரே ஒரு முகம்

நினைவுத்தூணைச் சுற்றியிருந்த கம்பி வேலியில் யாரோ ஈரத் துண்டுகளைக் காயப் போட்டிருந்தார்கள். மொத்தம் ஏழு. கூடவே ஒரு சின்னப் பிள்ளையின் ஜட்டி.

தங்கபுஷ்பம் ஒவ்வொன்றாக உருவினாள். சாலையோரம் நின்ற சுற்றுலா வேனின் முன்கண்ணாடி மேல் எறிந்தாள். வேனுக்குள் வடை தின்றுகொண்டிருந்தவர் பதறிக்கொண்டு இறங்கினார்.

"ஏம்மா, அருவியில குளிச்சிட்டு வந்து காயப் போட்டிருக்கோம். இப்படியா தூக்கி எறியிறது?"

"காயப் போடணும்னா உங்க வீட்டுச் சமாதி மேல போடும். இது எங்க அப்பா."

"எங்களுக்குத் தெரியாதும்மா."

"பேரு எழுதிப் போட்டிருக்குல்லா? குத்தாலத்துக் குரங்குகூட இதுமேல உக்கார யோசிக்கும். வண்டிய எடும்!"

வேன் கிளம்பியது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், சாம்பாறை விலக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது அந்தக் கல். எட்டடிக் கறுப்புக் கிரானைட். அதில் ஐந்து பெயர்கள். முகம் மட்டும் ஒன்றே ஒன்று. 'தியாகி சுடலைமாடன்' என்ற பெயருக்கு மேலே, ஒட்டிய கன்னமும் அடர்ந்த மீசையுமாக ஒரு மனிதர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீசன் சமயம் தங்கபுஷ்பத்துக்குத் தலை சொறிய நேரம் இருக்காது. ஐந்தருவி வாசலில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறாள். ஆனாலும் ஆனி இருபத்தெட்டு அன்று கடையைத் திறக்க மாட்டாள். அன்றைக்குத்தான் அவளுடைய அப்பா செத்தார். அவள் பிறந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

நாற்பத்தேழு வருடங்களுக்கு முன்னால், கார் நடவு நேரம். நாற்று பறித்து முடிச்சுப் போட்டாயிற்று. கூலியைக் கூட்டாமல் வயலில் இறங்க மாட்டோம் என்று சாம்பாறைக் குடியிருப்பு ஆட்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து பேரைக் கூப்பிட்டுப் போன பண்ணையார், அவர்களை உரக்கொட்டகையில் போட்டுப் பூட்டினார். மறுநாள் கதவு திறந்தபோது நான்கு உடல்கள் கிடந்தன. ஐந்தாவது ஆளான சுடலைமாடனைக் காணவில்லை. செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்றார்கள். பண்ணையாரின் வக்கீல் இன்னும் ஒருபடி மேலே போனார். ரேஷன் கார்டில் பெயர் இல்லை, வாக்காளர் பட்டியலிலும் இல்லை, அப்படி ஓர் ஆள் இருந்ததற்கே ஆதாரம் இல்லை என்று கோர்ட்டில் வாதாடினார். கடைசியில் பண்ணையாரும் அவருடைய ஆட்களும் விடுதலை ஆனார்கள்.

அதனால்தான் அந்த ஒரு முகம் தங்கபுஷ்பத்துக்கு அவ்வளவு முக்கியம். ஆளே இல்லை என்றவர்களுக்கு அவள் காட்டுகிற பதில் அது. பிறந்ததிலிருந்து பார்க்காத அப்பாவை அவள் முதன்முதலாகப் பார்த்ததும் அந்தக் கல்லில்தான். அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது.

பத்து மணிக்குள் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நினைவுக் கமிட்டிச் செயலாளர் ஜெபசிங், பழைய தீர்ப்பு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். வருடா வருடம் அதிலிருந்து இரண்டு பக்கம் படிப்பார். சுடலைமாடனின் தங்கை மாரித்தாய் நார்ப்பெட்டியோடு வந்தாள். எழுபது வயது, ஒல்லி உடம்பு, சுள்ளென்ற வாய். செத்த ஐந்து பேருக்கும் பிடித்ததை ஆளுக்கொன்றாகக் கல்லுக்கு முன் வைப்பது அவள் ஆரம்பித்த வழக்கம்.

"செல்லச்சாமிக்குப் பீடி" என்று ஒரு கட்டை வைத்தாள். "பொண்டாட்டிக்குப் பயந்து வைக்கோல் படப்புக்குள்ள இருந்து குடிப்பான். ரெண்டு மட்டம் படப்பு பத்திக்கிச்சு. அப்பமும் நான் குடிக்கலன்னு சத்தியம் பண்ணினான்."

கூட்டம் சிரித்தது.

"பூவனுக்கு வெத்தல. குருசாமிக்குக் கடலை மிட்டாய், அவனுக்குப் பல்லு நல்லாருந்துச்சு. மாடத்திக்கு அவிச்ச முட்ட. அவ வளத்த சேவலுக்குப் பண்ணையார் பேரத்தான் வச்சிருந்தா. பொழுது அடஞ்சா தெருவே கேக்கும்படியா பேரு சொல்லிக் கூப்பிட்டு, 'வாலே, வந்து கூட்டுக்குள்ள அடைலே'ம்பா. அந்தக் கூப்பாட்டுக்கும் சேத்துத்தான் அவள அடிச்சானுவ."

மாரித்தாய் கடைசியாக அவித்த மரவள்ளிக் கிழங்கையும் இரண்டு பச்சை மிளகாயையும் எடுத்தாள்.

"எங்க அண்ணனுக்கு இது. புனலூருப் பக்கம் வேல பாத்துட்டு வந்தவன். மாட்டுக்கிட்ட மலையாளத்துலதான் பேசுவான். மாடு என்ன படிச்சிருக்கான்னு கேட்டா, 'தமிழ்ல ஏசி ஏசி அதுக்குக் காது மரத்துப் போச்சு'ம்பான். நாத்து தானா நடந்து வயலுக்குப் போவுதான்னு பாப்போம்னு மொதல்ல வரப்புல உக்காந்தது அவன்தான்."

மற்ற நாலு பேரைப் பற்றிச் சொல்லும்போது கல்லைப் பார்த்துப் பேசியவள், அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தாள். எப்போதும் அப்படித்தான். துக்கம் என்று தங்கபுஷ்பம் நினைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வெள்ளைக் கார் வந்து வேலியை உரசினாற்போல் நின்றது.

இறங்கியவர் குற்றாலீஸ்வரன். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். பந்தோபஸ்துக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் அவரைப் பார்த்ததும் சல்யூட் அடித்தார்கள். பின்சீட்டிலிருந்து இன்னொருவர் இறங்கினார். தென்காசியில் கல்வெட்டு வெட்டுகிற பரீது. அவர் கையில் கல் தேய்க்கிற மெஷின் இருந்தது.

"இங்கன யாரு பொறுப்பு?"

"நான்தான் சார், செயலாளர்" என்று ஜெபசிங் முன்னால் வந்தார்.

"அந்த மூஞ்சிய எடுக்கணும். ஆளு கூட்டியாந்திருக்கேன். பத்து நிமிஷ வேல."

தங்கபுஷ்பம் கல்லுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"எந்த மூஞ்சிய?"

"கல்லுல ஒண்ணுதான இருக்கு?"

"அது எங்க அப்பா மூஞ்சி. கைய வச்சுப் பாரும்."

"உங்க அப்பனா? ஏட்டி, அது எங்க அப்பாட்டி!"

தங்கபுஷ்பம்தான் முதலில் சுதாரித்தாள்.

"அப்படியா? அப்போ நீரு எனக்கு அண்ணனா? இத்தன வருஷமா சொல்லவே இல்லியே அண்ணாச்சி! அத்தே, ஒரு பாய எடுத்துப் போடு. சொந்தம் வந்திருக்கு, உக்காரட்டும்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. குற்றாலீஸ்வரனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"வாய அளந்து பேசு. உங்க நினைவுநாள் வீடியோவ எவனோ யூடியூப்ல போட்டிருக்கான். எங்க ஆளுக குரூப்புல அத அனுப்பி, 'இது உங்க அப்பா சங்கிலிதான? எப்பம் அந்தப் பக்கம் போனாரு?'ன்னு கேக்கானுவ. என் மகளுக்குச் சம்பந்தம் பேசுத வீட்டுல இருந்து போன் வருது. எங்க அப்பா உங்க கல்லுல நின்னா நான் தெருவுல நடக்க முடியுமா?"

"எங்க தெருவுல நடக்கக் கூப்பிட்டமா? உங்க அப்பான்னு என்ன அத்தாட்சி?"

அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து நீட்டினார். குற்றாலத்துக்குச் சீசன் குளியலுக்கு வருகிறவர்கள் அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ளும் படம். பின்னால் அருவி வரைந்த திரை. நடுவில் நாற்காலியில் பண்ணையார், சுற்றிலும் அவர் வீட்டு ஆட்கள். ஓரத்தில் ஒருவர் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றார். ஒட்டிய கன்னம், அடர்ந்த மீசை. கல்லில் இருந்த அதே முகம். அவருடைய துண்டு தோளில் இல்லை. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

தங்கபுஷ்பம் படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜெபசிங் தடுமாறினார். "சார், இந்தப் படத்தப் பாத்துத்தான் கல்லுல முகம் வெட்டினோம். ஸ்டுடியோவ மூடும்போது எங்களுக்குக் குடுத்தாங்க. சுடலைமாடன் வருஷா வருஷம் பண்ணையாருக்கு எண்ணெய்ச் சட்டி தூக்கிட்டுக் குத்தாலம் போனவருன்னு கேள்விப்பட்டிருந்தோம். படத்துல கக்கத்துல துண்ட வச்சுக்கிட்டு நின்னது இவரு ஒருத்தருதான். அதான், கூலியாளுன்னா இவராத்தான் இருக்கணும்னு..."

"கூலியாளா? எங்க அப்பா பண்ணைக்குக் காவல்காரருவே! பண்ணையாருக்கு வலது கை!"

"வலது கைக்குத் துண்டு ஏன் கக்கத்துக்குள்ள போச்சு?" என்றாள் தங்கபுஷ்பம்.

"அது... பெரியவங்க முன்னால ஒரு மரியாத."

"நாங்க செஞ்சா அடிம. நீங்க செஞ்சா மரியாதயா?"

சுற்றியிருந்த இளவட்டங்கள் செல்போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குற்றாலீஸ்வரன் அதைக் கவனித்தும் பேச்சை விடவில்லை. "எல்லாரும் கேட்டுக்கோங்க. இது பண்ணைக் காவல்காரர் சங்கிலி. என்னப் பெத்தவரு. இவங்களுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது" என்று உரக்கச் சொன்னார்.

தங்கபுஷ்பம் மாரித்தாயின் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, ஏன் வாயில மண்ண வச்சுக்கிட்டு நிக்க? பொய் சொல்லுதாருன்னு சொல்லு. உன் கூடப்பொறந்தவன் முகம் உனக்குத் தெரியாதா?"

மாரித்தாய் நார்ப்பெட்டியை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

"சொல்லு அத்தே."

"பொய் இல்லட்டி."

"என்னது?"

"கக்கத்துல வைக்க எங்க அண்ணனுக்குத் துண்டு ஏது? தோள்ல போட்டுக்கிடுத பாத்தியத உள்ளவந்தான் அத எடுத்துக் கக்கத்துல வைக்க முடியும். நம்மாளு துண்டோட பண்ண வாசலுக்குப் போனா, அதப் புடுங்கி மாட்டுக் கால் தொடைப்பானுவ. படம் எடுக்கையில எங்க அண்ணன் வெளிய எண்ணெய்ச் சட்டிக்குக் காவல் இருந்திருப்பான். அவன எவன் உள்ள விட்டான்?" மாரித்தாய் விரலை நீட்டிக் கல்லைக் காட்டினாள். "இவன் சங்கிலிதான். கொட்டகைச் சாவி இவன் இடுப்புலதான் இருந்துச்சு. நான் கால்ல விழுந்து தொறன்னு கெஞ்சினேன். என்ன மிதிச்சிட்டு உள்ள போனான். அண்ணன் சத்தம் அதுக்குப் பொறவுதான் நின்னுச்சு."

தங்கபுஷ்பம் அத்தைக்கு நேராக வந்து நின்றாள்.

"எப்பத்துல இருந்து உனக்குத் தெரியும்?"

"தெறப்பு விழா அன்னைக்கே. சீலய விலக்கினதும் பாத்தேன். ரெண்டு பேரு முகமும் தெரிஞ்சவுகள்ல உங்க ஆத்தாளும் போயாச்சு, நான் ஒருத்திதான் மிச்சம். வாயத் தொறக்குததுக்குள்ள நீ ஓடிப்போயி கல்லக் கட்டிப் பிடிச்சிட்ட. அப்பா அப்பான்னு முத்தம் குடுத்து அழுத. அந்நேரம் நான் என்னத்தச் சொல்ல? மறு வருஷம் சொல்லலாம்னு நெனச்சேன். மறு வருஷம் நீ புது வேட்டி எடுத்துட்டு வந்து சாத்தின."

"இருபத்திரெண்டு வருஷம்! எங்க அப்பனக் கொன்னவனுக்கு மால போட வச்சிருக்க! கோயிலுக்குப் போகாம இவனக் கும்பிட்டேனே. எம் மக கல்யாணப் பத்திரிகைய இவன் காலடியில வச்சேனே. நீ எல்லாம் ஒரு அத்தையா? தூ!"

மாரித்தாய் அவள் கையைப் பிடிக்க வந்தாள். தங்கபுஷ்பம் உதறினாள். "தொடாத என்ன."

குற்றாலீஸ்வரனுக்குக் காரியம் முடிந்துவிட்ட திருப்தி. "கேட்டாச்சுல்லா? அவங்களே ஒத்துக்கிட்டாச்சு. பரீது, மெஷின ஓட்டு."

பரீது மெஷினைத் தூக்கிக்கொண்டு வேலிக்குள் காலை வைத்தார்.

"நில்லும் பாய்" என்றாள் தங்கபுஷ்பம். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "முகம் இருக்கட்டும். கீழ புதுசா பேரு வெட்ட எம்புட்டு நேரமாகும்?"

"என்ன எழுத்துன்னு சொன்னா, ஒரு மணி நேரத்துல வெட்டிருவேன்மா."

"எழுதிக்கிடும். 'சங்கிலி. உரக்கொட்டகையைப் பூட்டி அஞ்சு பேரைக் கொன்ற பண்ணைக் காவல்காரன்.' அதுக்குக் கீழ, 'மகன்: குற்றாலீஸ்வரன், சப்-இன்ஸ்பெக்டர், ஓய்வு.' நல்லா ஆழமா வெட்டும். குத்தாலத்துக்கு வாற சனமெல்லாம் எறங்கிப் படிக்கட்டும்."

குற்றாலீஸ்வரன் பாய்ந்து வந்தார். "கோட்டிக்காரி! கோர்ட்டு விடுதல பண்ணின ஆளுடி அவரு! உள்ள வச்சிருவேன்!"

இதுவரை பம்மிக்கொண்டிருந்த ஜெபசிங்குக்கு இப்போது குரல் வந்தது. தீர்ப்பு நகலை உறையிலிருந்து உருவினார். "எதைச் சொல்லி விடுதல வாங்கினாருன்னு பாருங்க சார். வழக்குல நாலாம் எதிரியா நின்ன சங்கிலி சொன்னது: 'நான் அந்தப் பண்ணையில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. பண்ணையாரை எனக்குப் பழக்கமில்லை.' அதை நம்பித்தான் விட்டாங்க. இப்போ நீங்களே படத்தோட வந்து காவல்காரர், வலது கைன்னு சொல்லிட்டீங்க."

"எத்தன செல்லுல ஏறியிருக்குன்னு எண்ணிப் பாரும்" என்றாள் தங்கபுஷ்பம். "சம்பந்தம் பேசுத வீட்டுக்கும் அனுப்பி வைக்கவா?"

சாரல் பொடியாக விழ ஆரம்பித்தது. யாரும் நகரவில்லை. குற்றாலீஸ்வரன் போலீஸ்காரர்களைப் பார்த்தார். அவர்கள் சாலையைப் பார்த்தார்கள். கையிலிருந்த புகைப்படத்தை அவர் மெதுவாகச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"சரி. நான் பாத்ததுல தப்பு இருக்கலாம். ஜாடைதான் அப்படி."

"சரியாச் சொல்லும். இது உங்க அப்பாவா, இல்லையா?"

"இல்ல."

"செல்லுல விழல. சத்தமா."

"இது எங்க அப்பா இல்ல!"

"அப்போ யாரு? கல்லுல பேரு இருக்கு, படிச்சுச் சொல்லும்."

அவர் பற்களைக் கடித்துக்கொண்டு படித்தார். "சுடலைமாடன்."

"முன்னால இன்னொரு வார்த்த இருக்கே. சர்க்காரு பள்ளிக்கூடத்துலதான படிச்சீரு?"

"தியாகி சுடலைமாடன்."

"இங்கன வாறவுக சும்மா போறதில்ல. கும்பிட்டுட்டுப் போங்க."

குற்றாலீஸ்வரனின் இரண்டு கைகளும் நெஞ்சுவரை வந்து ஒட்டியும் ஒட்டாமலும் நின்றன. பிறகு காரின் கதவு அறைந்து சாத்தப்பட்டது. பரீதை ஏற்றிக்கொள்ளக்கூட மறந்துவிட்டு அவர் போய்விட்டார்.

இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். ஜெபசிங் தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார். "சாதிச்சிட்டம்மா! பெத்த அப்பனையே இல்லன்னு சொல்ல வச்சிட்டியே!"

அவள் அவரைக் கண்டுகொள்ளாமல் பரீதிடம் திரும்பினாள். "பாய், இப்போ அந்த மூஞ்சியத் தேச்சு எடும்."

ஜெபசிங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா சொல்லுத? இப்போதான ஜெயிச்ச! முகத்த எடுத்துட்டா அப்படி ஒரு ஆளே இல்லன்னு திரும்பவும் பேசுவானுவ. யாருக்குத் தெரியப் போவுது? இத்தன வருஷம் இருந்தது இருந்துட்டுப் போவுது."

"எனக்குத் தெரியுமே ஜெபசிங் அண்ணாச்சி. இவன இனிமே அப்பான்னு கூப்பிடச் சொல்லுதீரா? நீரு கூப்பிடுவீரா?"

ஜெபசிங் பரீதுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"தூசி பறக்கும்மா. யாராவது தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும்" என்றார் பரீது.

தங்கபுஷ்பமே குடத்தை எடுத்து வந்தாள். மெஷின் அலறியது. முதலில் மீசை போனது. அவள் கண்ணை எடுக்காமல் தண்ணீரை ஊற்றினாள். இருபத்திரண்டு வருடமாக மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டிய நெற்றி, சாம்பல் நிறச் சேறாக வழிந்து அவள் காலை நனைத்தது. கண்கள் போகிறபோது மட்டும் அவள் கை ஒரு தடவை நின்றது. "ஊத்தும்மா, கல்லு சூடாவுது" என்று பரீது கத்தினார். ஊற்றினாள்.

பளபளத்த கறுப்புக் கல்லில் தட்டளவுக்கு ஒரு வெளிறிய வட்டம் மிஞ்சியது. அதற்குக் கீழே பெயர் அப்படியே இருந்தது. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

மாரித்தாய் வேலிக்கு வெளியே ஈரத்தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் காலைக் கழுவினாள். குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, அத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"மூக்கு எப்படி இருக்கும்?"

"யாருக்கு?"

"எங்க அப்பாவுக்கு. அழாம சொல்லு. அழுத, எந்திரிச்சுப் போயிருவேன்."

மாரித்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நீட்ட மூக்கு. இடப்பக்கமாக் கொஞ்சம் கோணியிருக்கும். சின்னதுல காள முட்டினது."

"பெறகு?"